எண்ணெய், தண்ணீர், வெளிச்சம்: சைக்கடெலிக் காட்சிகளைக் கையால் செய்வது

ஒரு பாட்டுக்கு சைக்கடெலிக் வீடியோ வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான எடிட்டர்கள் செய்வது ஒன்றுதான். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் கிளிப் நாலைந்தை இறக்கி, பாடுகிறவர் முகத்தின் மேல் படரவிட்டு, நிறத்தைத் தூக்கலாக்கி அனுப்பிவிடுவார்கள். வண்ணம் கொட்டும், வட்டம் சுற்றும். ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் பார்ப்பவரின் விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும். அந்தக் கிளிப்புக்கும் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதுதான் காரணம். டிரம்ஸ் நின்ற இடத்திலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது வேறு வழி. பாட்டு ஓடும்போதே அதைக் காதால் கேட்டு, கையால் வாசிக்கிற காட்சி. இதற்குக் கம்ப்யூட்டர் கடைசியில்தான் வேண்டும். முதலில் வேண்டியது ஒரு விளக்கும் இரண்டு கண்ணாடித் தட்டுகளும் கொஞ்சம் எண்ணெயும்.

இதைத் தொடங்கிவைத்தவர் ராக் இசைக்காரர் அல்ல, ஓவிய ஆசிரியர். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கலை கற்பித்த சீமோர் லாக்ஸ், 1952இல் ஓவர்ஹெட் புரொஜெக்டரின் கண்ணாடி மேல் தட்டை வைத்து, சாயங்களை ஊற்றிக் கலக்கித் திரையில் காட்டினார். வகுப்பறையில் பாடம் நடத்தப் பயன்பட்ட கருவி அது. அந்த வித்தை எலியாஸ் ரொமேரோ, பில் ஹாம் என்று கைமாறி, 1960களின் நடுவில் ராக் மேடைகளுக்குப் போனது. லண்டனில் 1966 டிசம்பரில் திறந்த யூ.எஃப்.ஓ. கிளப்பில் மார்க் பாயிலும் ஜோன் ஹில்ஸும் சாஃப்ட் மெஷின் போன்ற குழுக்களுக்குப் பின்னால் திரவங்களை ஆடவிட்டார்கள். நியூயார்க்கில் 1968 மார்ச்சில் திறந்த ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஜோஷுவா ஒயிட்டின் குழு திரைக்குப் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சியது. அரங்க விளம்பரங்களில் இசைக்குழுக்களோடு ‘ஜோஷுவா லைட் ஷோ’ என்ற பெயரும் இடம்பெற்றது. அவர்களைத் தொழில்நுட்ப உதவியாளர்களாக யாரும் நினைக்கவில்லை, மேடையில் இன்னொரு வாத்தியமாகத்தான் நினைத்தார்கள்.

அந்தக் காலத்து இந்தக் கலை எல்.எஸ்.டி.யோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் தட்டைப் பிடிக்கிறவருக்குத் தாளம் தவறக்கூடாது, எண்ணெய் கொட்டக்கூடாது, சூடான விளக்கில் கை படக்கூடாது. தெளிந்த மூளை வேண்டிய வேலை இது.

*தட்டும் விளக்கும்*

ஓவர்ஹெட் புரொஜெக்டர் கிடைத்தால் நல்லது. எல்.சி.டி. புரொஜெக்டர் வந்தபிறகு பள்ளி, கல்லூரிகள் பலவற்றில் இது ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், பழைய சாமான் கடையிலும் தேடலாம். வாங்கும்போது பல்பு எரிகிறதா என்பதைவிட உள்ளே ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஹாலஜன் பல்பு கடும் சூடு. ஃபேன் ஓடாத புரொஜெக்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால் புரொஜெக்டர் இல்லாமலே செய்யலாம். எல்.இ.டி. பேனல் விளக்கை மல்லாக்க வைத்து, அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கண்ணாடிப் பலகையை நிறுத்துங்கள். விளக்குக்கும் பலகைக்கும் நடுவில் டிரேசிங் பேப்பர் ஒன்று. இந்த ஒரு சாண் இடைவெளி முக்கியம். தட்டு விளக்கோடு ஒட்டியிருந்தால் எல்.இ.டி. புள்ளிகள் தெரியும், பேப்பரின் நரம்புகூடப் படத்தில் விழும். பலகை மேல் தட்டு, தட்டுக்கு நேர் மேலே ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டிய போன். வெறும் வீடியோதான் நோக்கம் என்றால் இந்த அமைப்பே மேல், திரையில் அடித்து அதைத் திரும்பப் படமெடுப்பதைவிடக் கூர்மையாக வரும். பாடுகிறவர் உடம்பின் மேலும் சுவரின் மேலும் நிறம் ஊர வேண்டுமானால் புரொஜெக்டர்தான் வேண்டும்.

தட்டு எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் குழுக்கள் பயன்படுத்தியது பெரிய கடிகாரங்களின் முகப்புக் கண்ணாடி. நடுவில் குழிந்து ஓரம் மேலெழும் வடிவம் அதற்கு. ஒன்று பெரியது, இன்னொன்று அதைவிடச் சற்றுச் சிறியது. பெரியதில் திரவத்தை ஊற்றி, சிறியதை அதன் மேல் மிதக்க வைத்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே திரவம் மெல்லிய படலமாகிவிடும். மேல் கண்ணாடியை விரலால் லேசாக அழுத்தினால் படலம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும், விட்டால் திரும்ப வரும். திரையில் அது மூச்சு விடுவது மாதிரி இருக்கும். நம் ஊரில் கடிகாரக் கடைகளில் மேடான கண்ணாடி அபூர்வமாகிவிட்டது. ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாட்ச் கிளாஸ் என்று கேளுங்கள். கிடைக்கிறவற்றில் பெரிய அளவுகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திரவத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நன்றாக வேலை செய்யும். நிறமே இல்லை, வாடையும் இல்லை. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், நல்லெண்ணெய்க்கு அதற்கே ஒரு மஞ்சள் உண்டு. தண்ணீருக்குச் சாதாரண ஃபுட் கலர். அது எண்ணெயில் கரையாது, நமக்கும் அதுதான் வேண்டும். எண்ணெய்க்கே நிறம் ஏற்ற வேண்டுமானால் கேக் சாமான் கடையில் சாக்லேட்டுக்குப் போடும் எண்ணெய்க் கலர் தனியாக உண்டு. பழைய குழுக்கள் ஸ்பிரிட்டையும் இதில் சேர்த்தார்கள். ஹாலஜன் விளக்கின் மேல் அதை வைப்பது தீ வைக்கிற வேலை. வேண்டாம். பாயில் தன் காட்சிகளில் அமிலத்தை வைத்து உலோகத்தை அரிக்கவிட்டுக்கூடத் திரையில் காட்டியிருக்கிறார். அதைப் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி ஊற்றலாம். பெரிய தட்டில் நீலம் கலந்த தண்ணீர், நாலு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அதன் மேல் நிறமில்லாத எண்ணெயைக் கரண்டி முனையால் மெதுவாக விடுங்கள். எண்ணெய் லேசானது, மேலே மிதக்கும். இப்போது டிராப்பரில் அடர்ந்த சிவப்புத் தண்ணீர் எடுத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு எண்ணெய்க்குள் உருண்டை மணியாக இறங்கி, கீழே இருக்கும் நீலத் தண்ணீரைத் தொட்டும் உடையாமல் ஒரு கணம் அப்படியே நிற்கும். நடுவில் எண்ணெயின் மெல்லிய தோல் ஒன்று அதைத் தாங்குகிறது. பிறகு தோல் கிழியும். சிவப்பு நீலத்துக்குள் பாய்ந்து விரல்கள் போலக் கிளை பிரியும். எந்தச் சொட்டு எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. சில மணிகள் அடுத்த சரணம் வரை நிற்கும்.

பிறகு சிறிய கண்ணாடியை மேலே இறக்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கினால் காற்றுக் குமிழ் சிக்காது. ஒரே நேராக வைத்தால் நடுவில் பெரிய குமிழ் ஒன்று உட்கார்ந்துகொண்டு படம் முழுக்க முறைக்கும்.

*எதை அழுத்துவது, எப்போது*

சுற்றுகிறேன், குலுக்குகிறேன் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதுதான் புதியவர்களின் இயல்பு. மிஷெல் கோந்த்ரி 2002இல் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் ‘ஸ்டார் கிட்டார்’ பாட்டுக்கு இயக்கிய வீடியோவை ஒருமுறை பாருங்கள். ரயில் ஜன்னல் வழியே தெரியும் நிலப்பரப்பு, அவ்வளவுதான். வண்ண வெடிப்பே கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொருள் ஜன்னலைக் கடக்கிறது. ஒரு தட்டல் வந்தால் ஒரு தூண், இன்னொரு ஒலி வந்தால் ஒரு கட்டடம். கொஞ்ச நேரத்தில் கண் எதைக் கேட்கிறது, காது எதைப் பார்க்கிறது என்றே குழம்பிவிடும். என்னைக் கேட்டால், எல்.எஸ்.டி. காலத்து வீடியோக்கள் பலவற்றைவிட இதில்தான் கிறக்கம் அதிகம்.

அதே ஒழுங்கைத் தட்டுக்கும் கொண்டுவாருங்கள். பேஸ் டிரம்முக்கு மேல் கண்ணாடியை அழுத்துவது. சிறு தாள ஒலிகளுக்கு டிராப்பர். குரல் நீளும்போது தட்டை ஒரு பக்கம் மெல்லச் சாய்ப்பது. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒருவரே மூன்றையும் செய்ய முடியாது, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்கு முன் பாட்டை வைத்து வெறும் தண்ணீரில் ஒத்திகை பாருங்கள். திரவம் கையைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் அசையும். ஆகவே தாளத்தில் அழுத்தினால் படம் பின்தங்கும், கொஞ்சம் முந்தியே அழுத்த வேண்டும். எவ்வளவு முந்தி என்பது எண்ணெயின் கெட்டியைப் பொறுத்தது. விரலுக்குத் தானாகப் பழகிவிடும்.

எடிட்டிங்கில் வெட்டுகளைத் தாளத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக்கொண்டு ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு கொண்ட பாட்டில் ஒரு தட்டு அரை விநாடி. 24 ஃபிரேமில் அது சரியாக 12, முப்பதில் 15. இருபத்தைந்தில் எடுத்தால் 12.5 வரும், ஒவ்வொரு இரண்டாவது வெட்டும் அரை ஃபிரேம் தள்ளி விழும். நூறு தட்டுப் பாட்டுக்கோ 25 ஃபிரேமும் கச்சிதம், தட்டுக்கு 15.

*நிறம்*

ஒரு தட்டுக்கு ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு. இதைக் கேட்டவுடன் சைக்கடெலிக் என்று சொல்லிவிட்டு இரண்டு நிறமா என்று தோன்றும். தட்டில் சிவப்பும் பச்சையும் கலந்தால் கிடைப்பது சேற்று நிறம். சாயம் ஒளியை விழுங்குவதால், ஒன்றின் மேல் ஒன்று சேரச் சேர இருட்டு கூடும். ஆனால் சிவப்பைத் தனித் தட்டிலும் பச்சையைத் தனித் தட்டிலும் படமெடுத்து, திரையில் ஒன்றின் மேல் ஒன்று அடித்தால் சேரும் இடத்தில் பளிச்சென்று மஞ்சள் பிறக்கும், அங்கே ஒளியோடு ஒளி கூடுகிறது. ஒரே காட்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புரொஜெக்டர் வைத்தால் இந்த லாபம் கிடைக்கும். உங்களிடம் ஒன்றுதான் இருந்தால் டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலோ, போனில் கைன்மாஸ்டரிலோ மேல் அடுக்குக்கு ஸ்கிரீன் என்ற பிளெண்டிங்கைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதே விளைவு. ஸ்கிரீனில் கறுப்பு மறைந்துவிடும் என்பதால், பாடுகிறவரைக் கறுப்புத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த காட்சியும் இதே முறையில் திரவத்துக்குள் மிதக்கும்.

நிறங்களின் ஓரம் துடிப்பது போலத் தெரிய வைக்கும் வித்தையும் ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ போஸ்டர்காரர் விக்டர் மாஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். அங்கே நல்ல வடிவமைப்புக்கு ஆகாது என்று கற்ற விதிகளைத் தலைகீழாக்கித்தான் 1967இல் அவர் போஸ்டர்கள் பெயர் வாங்கின. எதிரெதிர் நிறங்களை, வெளிச்ச அளவில் சமமாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுத்தும் பின்னணியும் மல்லுக்கட்டும், கண்ணுக்கு ஓரம் நிலைகொள்ளாது. இதை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் ஃபிரேமைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டு நிறங்களுக்கும் நடுவே இருந்த கோடு காணாமல் போனால் நிறத்தில் அந்தக் கோடு துடிக்கும். கோடு தெளிவாக நின்றால் ஒன்றின் வெளிச்சத்தைக் கூட்டியோ குறைத்தோ சமப்படுத்துங்கள். பாட்டு முழுக்க இப்படி வைத்தால் பார்ப்பவருக்குத் தலைவலிதான். பல்லவிக்கு வைத்துக்கொண்டு சரணத்தில் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். இருட்டும் வேண்டும். ஃபிரேமில் பாதி கறுப்பாக இருந்தால்தான் மீதிப் பாதியின் நிறம் எரியும்.

*கேமராவைத் தன் படத்தையே பார்க்க வைப்பது*

எண்ணெயில் கை அழுக்காவது பிடிக்காதவர்களுக்கு வீடியோ ஃபீட்பேக் இருக்கிறது. லேப்டாப்பில் யு.எஸ்.பி. வெப்கேமைச் செருகி, அதன் படத்தை முழுத்திரையில் வைத்து, கேமராவை அந்தத் திரையைப் பார்க்கவே திருப்புங்கள். திரைக்குள் திரை, அதற்குள் திரை என்று சுரங்கம் விழும். கேமராவைச் சற்றே சாய்த்தால் சுரங்கம் சுழலாகும். கொஞ்சம் முன்னே நகர்ந்து திரையின் ஓரங்கள் ஃபிரேமை விட்டு வெளியே போனதும், உள்ளே இழுத்துக்கொண்டிருந்த படம் திசைமாறி வெளியே பூக்கத் தொடங்கும். அறையை இருட்டாக்கி நடுவில் ஒரு டார்ச் வெளிச்சத்தைக் காட்டி எடுத்தால், வெளிச்சம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு நெடுநேரம் ஓடும்.

லண்டனில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு 1963இல் பெர்னார்ட் லாட்ஜ் செய்த தொடக்கக் காட்சி இந்த வித்தைதான். குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’க்கு 1975இல் புரூஸ் கோவர்ஸ் எடுத்த வீடியோவில் ஒரு முகம் பின்னால் பின்னால் வரிசையாக ஓடி மறைகிறதே, அதுவும் மானிட்டரைக் கேமராவால் பார்த்ததில் வந்தது. இரண்டுக்கும் கம்ப்யூட்டர் கிடையாது.

இதில் எல்லாம் கெடுவது ஒரே இடத்தில். கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருந்தால், படம் பிரகாசமாகத் தொடங்கியதும் அது குறைக்கும், இருண்டதும் கூட்டும், சுழல் நிலைக்கவே நிலைக்காது. எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். பிறகு திரையின் பிரைட்னஸை மட்டும் ஒரு கையால் கூட்டிக் குறைத்து விளையாடுங்கள். வெளுத்துப் போவதற்கும் அணைந்து போவதற்கும் நடுவே ஒரு குறுகிய இடம் இருக்கிறது, அழகெல்லாம் அங்கேதான். ஒயர் இல்லாமல் போன் படத்தை டிவிக்கு அனுப்பினால் படம் தாமதமாக வரும், அசைவுகள் எதிரொலி மாதிரி படிப்படியாக விழும். வேகப் பாட்டுக்கு இது சரிப்படாது, மெதுவான பாட்டுக்கு எச்.டி.எம்.ஐ. ஒயரைவிட இதுவே நன்றாக இருக்கும்.

*படமெடுக்கும்போது*

மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் எண்ணெய் நடுங்கும், இறக்கையின் நிழலும் தட்டில் தெரியும். அறை விளக்கு எதுவும் எரியக்கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. ஸ்லோ மோஷனில், 240 ஃபிரேமில் எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. அப்போது பேட்டரியில் எரியும் விளக்கை முழு வெளிச்சத்தில் வையுங்கள். சொட்டு உடையும் காட்சிக்கு ஸ்லோ மோஷன் பொருந்தும். தாளத்துக்கு அழுத்திய காட்சியை ஒருபோதும் அதில் எடுக்காதீர்கள், கையின் தாளம் போய்விடும்.

வேலை முடிந்ததும் எண்ணெயை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். பழைய செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பிறகுதான் சோப்பு.

*மின்னல் வெட்டு*

இந்த வகை வீடியோவில் அழகு கெட்டால் பரவாயில்லை, ஆள் விழக்கூடாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இப்போது உங்கள் டைம்லைனைப் பாருங்கள். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் சிவப்பு, அடுத்தது நீலம் என்று மாற்றி மாற்றி வைத்தால் விநாடிக்கு 12.5 மின்னல். எடிட்டருக்கு மிகச் சுலபமாகத் தோன்றும் எஃபெக்ட், கிட்டத்தட்ட அதே வேகத்தில் போய் விழுகிறது. எந்த ஒரு விநாடியிலும் மூன்று மின்னலுக்கு மேல் வேண்டாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அடர் சிவப்பு மின்னலைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. தொடக்கத்தில் எச்சரிக்கை அட்டை போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அட்டையைப் படிக்காமல் நடுவிலிருந்து பார்ப்பவர்கள்தான் அதிகம், மின்னும் ஒளியால் வலிப்பு வரும் கோளாறு தனக்கு இருப்பதே பலருக்கு முன்கூட்டித் தெரியாது.

*ஏற்றுவதற்கு முன்*

யூடியூபுக்கு மிகவும் பிடிக்காத படம் இதுதான். ஃபிரேமின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு கணமும் மாறுவதால் சுருக்கும்போது நுணுக்கமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். 1080இல் எடுத்திருந்தாலும் எடிட்டிங்கில் 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுங்கள். பெரிய அளவுக்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட் ஒதுக்குவதால் 1080இல் பார்ப்பதைவிடத் தெளிவாக இருக்கும். ஏற்றியபிறகு உடனே பார்த்து மனம் உடைய வேண்டாம். முதலில் குறைந்த தரம்தான் வரும், உயர்ந்த தரம் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். தயாரானதும் விலை குறைந்த ஒரு போனில், பிரைட்னஸைப் பாதிக்குக் குறைத்து, கறுப்பான இடங்களை மட்டும் பாருங்கள். அங்கே படிக்கட்டு மாதிரி பட்டைகள் தெரிந்தால் எடிட்டிங்குக்குத் திரும்பி மிக மெல்லிய கிரெயின் ஒன்றைத் தூவி மறுபடி ஏற்றுங்கள்.